வளைவுல போன மருந்து

என் மகளுக்கு வலிப்பு. சிரப்புல அடங்கிருச்சு. காலையும் ராத்திரியும் என் கையாலதான் ஊத்துவேன். எஸ்டேட்ல எவ வேணா வந்து கேக்கட்டும், ஒரு வேளை தவறவிட்டதில்ல.

அப்படியிருக்க, ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றார்: “ரெண்டு தடவையும் ரத்தத்துல மருந்து கம்மியா இருக்கும்மா. ஒழுங்கா குடுக்கறீங்களா?” எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அதோட விட்டாரா? “இன்னொரு மருந்தும் சேர்த்துருவோம்”ன்னார். முன்ன ஒருக்கா அளவைக் கூட்டினப்ப, பிள்ள சாப்பாட்டுத் தட்டு முன்னாலயே கண்ணு சொருகி உக்காந்திருப்பா. பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. மறுபடி அந்தக் கோலத்துல பாக்க என்னால முடியாது.

“காய்ச்சல், வயித்துப்போக்கு, வாந்தி ஏதாவது?”

“ஒண்ணுமில்ல டாக்டர்”ன்னார் என் வீட்டுக்காரர். மலை மேல திரிங்காப்ல காய்கறி லோரி ஓட்டற மனுசன். அவர் பொய் சொல்லல. மலையிலேருந்து தாப்பாவுக்கு வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரோட்டுல வாந்தி எடுக்கறத எங்க மலையில யாரும் வாந்தியாவே மதிக்கிறதில்ல. மடியில பிளாஸ்டிக் பை இருக்கும். கீழ வந்து முகத்தக் கழுவினா மறந்துபோச்சு.

அப்பத்தான் பிள்ள என் மேல சாஞ்சா. ஸ்வெட்டர் கையில குப்புன்னு சிரப் வாசம். காலையில கிளம்பறப்ப ஊத்தின மருந்து! எனக்கு மண்டையில உறைச்சுச்சு. அந்தக் கையத் தூக்கி டாக்டர் மூக்குக்கிட்ட நீட்டிட்டேன்.

“மோந்து பாருங்க டாக்டர்! மருந்து இங்க இருக்கு!”

“வாந்தி இல்லன்னாரே?”

“அது ரோட்டு வாந்தி. அத யாரு கணக்குல வைப்பா?”

டாக்டர் பேனாவ வச்சுட்டுச் சிரிச்சுட்டார். “காலை மருந்து வெளிய போயிருச்சு. மத்தியானம் ரத்தம் எடுத்தா கம்மியாத்தானே காட்டும்? போன தடவையும் இதேதான் நடந்திருக்கும். அடுத்த தடவை முந்தின நாளே இறங்கிருங்க. காலையில முதல்ல ரத்தம், அப்புறம் மருந்து. அதுவரைக்கும் புதுசா எதுவும் வேணாம்.”

அதே மாதிரி அடுத்த தடவை முந்தின ராத்திரி ஈப்போவுல என் அண்ணன் வீட்டுல தங்கிப் போனோம். மத்தியானம் ரிசல்ட் வந்துச்சு. அளவு கச்சிதம்!

“இந்த மருந்தே போதும்மா”ன்னார் டாக்டர். விசிலடிக்கத் தெரிஞ்சா அங்கேயே அடிச்சிருப்பேன்.

திரும்பி வர கெரேத்தாவுல, அதான் எங்க கார்ல, ஏறினதுலேருந்து பிள்ள வாய் ஓயல. அந்த மரம் என்ன, இந்தக் கடை என்னன்னு ஒரே கேள்வி. “கொஞ்சம் சும்மா இரு லா”ன்னு அவ அப்பா அலுத்துக்கிட்டார்.

“நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க”ன்னேன். “என் புள்ள முழிச்சிருக்கா. பேசட்டும்.”