குளத்தில் விட்ட யூனிபார்ம்

பரீட்சை என்றால் மற்ற பிள்ளைகளுக்குக் கை வியர்க்கும், எனக்கு வயிறு புரட்டும். ஆறாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் வினாத்தாள் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். டீச்சர் திட்டவில்லை. பிள்ளைகள்தான் அதற்கப்புறம் என்னைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். எங்களோடு இருந்த அத்தை, "இவளுக்கு ஏழரை பிடிச்சிருக்கு" என்று சிரித்தாள். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

எங்களுக்குத் திருநள்ளாறு. கோயில் குளத்துக்குப் போகிற வழியில் அப்பா நல்லெண்ணெயும் அகல் விளக்கும் விற்றார். சனிபகவானைக் கும்பிட வருகிறவர்கள் குளத்தில் முங்கி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பிடித்த தோஷம் துணியோடு போய்விடும். "விட்டதைத் திரும்பிப் பாக்காதீங்க. யாரு எடுக்குறாங்களோ அவங்களுக்குத்தான் அது போய்ச் சேரும்" என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார்.

அரையாண்டுக் கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை. ஞாயிறு காலை என் யூனிபார்மைப் பையில் சுருட்டிக்கொண்டு போய்க் குளத்தில் விட்டேன். வாந்தி எடுத்தபோது போட்டிருந்தது அதுதானே. திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்து, மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் இஸ்திரி போட அம்மா தேடினாள்.

"எங்கடி யூனிபார்ம்?"

"குளத்துல விட்டுட்டேன்."

"அடிப்பாவி! இருந்ததே அது ஒண்ணுதான். அது இல்லாம பரீட்சைக்கு உள்ள விடுவாங்களா?"

"அப்படியே கணக்குப் புஸ்தகத்தையும் சேத்து முக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள் அத்தை.

அப்பா சிரிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜனங்கள் விட்ட துணிகளைக் கோயில் ஆட்கள் கம்பால் வாரிக் கரையில் குவித்திருப்பார்கள். இருட்டுவதற்குள், சொட்டச் சொட்ட என் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் வந்து நின்றார். எனக்கு மறுபடி வயிறு புரட்டியது.

"அதுல என் ஏழரை இருக்குப்பா!"

"இல்லடி தங்கம். எடுத்தது யாரு? நான்தானே. அது எங்கிட்ட வந்துருச்சு. இது இப்ப வெறும் துணி. நீ பயப்படாம போய் எழுது."

கடையில் தினமும் சொல்வதும் அதைத்தானே. எனக்குச் சட்டென்று நிம்மதியாகிவிட்டது. மறுநாள் இடுப்புப் பட்டி ஈரம் காயாமலே போட்டுக்கொண்டு போனேன். வாந்தி வரவில்லை. நாற்பத்து மூன்று மார்க், பாஸ். அம்மா கேசரி கிண்டினாள்.

அதற்கப்புறம் வெகுகாலம் அப்பா சனிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தார். விற்கிற விளக்கிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சன்னதியில் ஏற்றுவார். எல்லாம் என் மார்க்குக்காக என்று நினைத்துக்கொண்டு, "அதான் பாஸாயிட்டேனே, சாப்பிடுங்கப்பா" என்பேன். தலையைத் தடவிவிட்டுப் போவார். பகவான் புண்ணியத்தில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்றைக்கும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்னைத் தேற்ற ஏதோ சொல்லிவைத்தார் என்றுதான் பெரியவளான பிறகும் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு அப்படியெல்லாம் இட்டுக்கட்டிச் சொல்ல வராது. தான் சொன்னது அத்தனையும் நிஜம் என்று நம்பித்தான், அன்றைக்கு அந்தக் குவியலுக்குள் கையை விட்டிருக்கிறார்.