இருமல் கேட்காத வீடு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பக்கத்தில் ஒரு வீட்டுக் கதவை உடைத்தோம்.

பயப்படாதீர்கள். உள்ளே இருப்பவரைக் காப்பாற்றத்தான் உடைத்தோம். காப்பாற்றப்பட வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"இன்னா... தட்டினா தொறந்திருப்பேனே" என்றார்.

தட்டினோம். பலமாகவே தட்டினோம். பிறகு ஏன் அவருக்குக் கேட்கவில்லை? அதற்குக் காரணமும் நாங்கள்தான். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஊரில் 'சுண்ணாம்பு கேங்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பெயர் நாங்கள் வைத்ததில்லை, தெருவில் வைத்தது. இதன் தலைவி செல்வி. விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண். பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி. குழாய் போடும் கம்பெனியில் வேலை.

"வாரம் முழுக்கப் பணக்காரங்களுக்குக் குளிர் காத்து உட்றேன்ணா. ஞாயித்துக்கிழமையாவது நம்ம லைன் வீட்டுக்கு எதனா பண்ணலாம்னு தோணுச்சு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்க ஏணி கெடைக்குமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வெள்ளையடிப்பது என் தொழில். என்னிடம் இருப்பதிலேயே மதிப்பான பொருள் அந்த மூங்கில் ஏணி. அதைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை, கூடவே நானும் போனேன். போனவன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஏணி பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் யாரும் அதிகமாகப் பேச்சு கொடுப்பதில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

எங்கள் வேலை இதுதான். சுரங்கக் காலத்து லைன் வீடுகள் வெயிலில் அடுப்பாகிவிடும், மார்கழியில் ஐஸ் பெட்டியாகிவிடும். நாங்கள் கூரை ஷீட்டுக்குச் சுண்ணாம்பும் பசையும் கலந்து வெள்ளையடிப்போம். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைப்போம். எலக்ட்ரீசியன் ஸ்டீபன் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுவான், சுற்ற மறுக்கும் ஃபேனைச் சரிசெய்வான். கரண்டும் குறையும், வேர்வையும் குறையும். கூலி ஒரு டம்ளர் டீ.

இதில் என்னை இழுத்துப் பிடித்தது ஊதுபத்தி.

காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க செல்வி ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டுவாள். இடுக்கு இருந்தால் புகை அந்தப் பக்கம் சாயும். சில இடத்தில் நம் முகத்துக்கே திரும்பி வரும். மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் பாம்பு மாதிரி நெளியும். எனக்குப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிட்டது. காற்றைப் பற்றிய பாடம் ஐந்தாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ... எனக்கு அது கிடைக்கவில்லை. அதனால் கேள்விகள் மட்டும் அப்படியே மிச்சம். மேலே போகிற புகை ஏன் திடீரென்று கீழே இறங்குகிறது? ஒரே அறையில் ஒரு மூலையில் ஓடுகிறது, இன்னொரு மூலையில் தூங்குகிறதே, ஏன்?

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டிலும் காட்டிப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்... என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா, கக்கூசுக்கும் பூசையா? சாமி ரூம்ல நிக்கச் சொன்னா மட்டும் கால் வலிக்குது" என்றாள்.

சரி, முனிரத்தினம் அண்ணன் கதைக்கு வருகிறேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

சுரங்கத்தில் பாறைக்கு டிரில் மிஷின் போட்டவர். அந்த மிஷின் அவருக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்து அனுப்பியது — மந்தமான காது, நிற்காத இருமல். மனைவி இல்லை. லைனின் முனை வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் தனபால், ஹோசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஒவ்வொரு வெயில் காலத்திலும் அந்த ஷீட்டுக்கு அடியில் அண்ணனுக்கு மூச்சு வாங்கும். இந்த வருஷம் மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். "நான் வர்றதுக்குள்ள வீடு குளுந்து இருந்தா இங்கயே இருங்க நைனா. இல்லன்னா பெட்டியைக் கட்டுங்க. ஹோசூருக்குப் போயிடலாம்."

அண்ணனுக்குப் போக இஷ்டமில்லை. செல்வியிடம் வந்து, "இன்னாம்மா, என் வூட்டுக்கு எதனா பண்ண முடியுமா? மூணாவது மாடியில என்னைக் கொண்டுபோய் வெச்சிடுவான்" என்றார். சுரங்கத்தில் பூமிக்கு அடியில் அவ்வளவு ஆழம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கியவர்... மூன்று மாடி ஏறுவதற்கு அப்படிப் பயந்தார்.

அதனால், கதவை உடைத்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் முழு பலத்தையும் அந்த வீட்டில் காட்டினோம். அவர் வீட்டுப் புத்தர் படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுபத்தியையே செல்வி எடுத்துக்கொண்டாள். கூடத்தில் நின்று காட்டினாள். புகை நேராக மேலே ஏறி, பக்கத்து வீட்டுச் சுவரின் உச்சியைத் தொட்டதும் எங்கள் பக்கமே திரும்பிச் சாய்ந்தது.

லைன் வீடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நீளமான கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒன்றரை ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே திறப்பு. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு லைன் முழுக்கத் தீர்ப்பு சொல்லும்.

"இதோ பாருங்க, ஓட்டை இதான். பக்கத்து வீட்டு அடுப்புச் சூடு, ஷீட்டுச் சூடு, சயனைடு மேட்டுப் புழுதி எல்லாம் இது வழியாதான் வருது" என்றாள் செல்வி. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்தான் அந்த மேடு. காற்றடித்தால் ஊர் முழுக்கப் பறக்கும்.

அவள் சொன்னது தப்பே இல்லை. அவள் கம்பெனியில் மிச்சமாகி, கேட்டு வாங்கி வந்திருந்த அட்டைப் பலகைகளை வைத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த திறப்பை மூடினோம். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினோம். கூரைக்கு இரண்டு கோட் வெள்ளை. மறுபடியும் ஊதுபத்தி. புகை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. எங்கேயும் சாயவில்லை. நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டோம்.

"பகல்ல கதவைச் சாத்தி வெச்சுக்கோங்கண்ணா. சாயங்காலம் தொறந்தா போதும்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இப்போது பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா வருகிறார். அந்த அக்கா எங்கள் வேலை நடந்தபோது ஊரில் இல்லை, பேத்தமங்களாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கதவை உடைத்த அந்த ஞாயிறு காலையில்தான் திரும்பினார். வந்து அடுப்பைப் பற்றவைத்து, வழக்கம்போல சுவரைப் பார்த்து, "அண்ணா, டீ போடவா?" என்று குரல் கொடுத்திருக்கிறார்.

வழக்கமாக இதற்குப் பதில் வராது, இருமல்தான் வரும். ஒரு இருமல் வந்தால் 'போடு' என்று அர்த்தமாம். இருமலே வராத நாள் இதுவரை இருந்ததில்லையாம்.

அன்றைக்கு வரவில்லை. மேலே பார்த்தால் திறப்பில் ஏதோ அட்டை. வெளியே வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. எங்கள் ஊர் லைனில் பகலில் யார் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும்? தட்டினார். பின்பக்கமும் போய்த் தட்டினார். பதில் இல்லை.

சரியாக அந்த நேரத்தில், அடுத்த வீட்டு வேலைக்காக நாங்கள் ஏணியோடு தெருவில் நுழைந்தோம்.

"செல்வி, அண்ணன் இருமல! சத்தமே காணோம்" என்று ஓடி வந்தார். நாங்களும் பலமாகத் தட்டிப் பார்த்தோம்; ரப்பர் பட்டை ஒட்டிய கதவும் மந்தமான காதும் அதை உள்ளே விடவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் யோசிக்கவில்லை. நானும் ஸ்டீபனும் ஏணியை முன்னும் பின்னும் பிடித்து ஓடி வந்து, ஒரே இடி. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. ஏணியை இப்படியும் பயன்படுத்தலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்னேனே... இட்லி.

ராஜம்மா அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் முதலில் வந்தது வசவுதான்.

"இருமறதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"வந்தாதானே இருமுவேன்" என்றார் அண்ணன் அப்பாவியாக. "வீடு குளுந்துட்ச்சு. புழுதியும் வர்றதில்ல. ஒரு வாரமா இருமலே கம்மியாகிட்ச்சு. நான் இன்னா பண்றது, உனக்கோசரம் சும்மானா இருமட்டுமா?"

"இருமு. இருமினா இன்னா, சொத்தா கொறஞ்சிடும்?"

ஸ்டீபன் சிரித்துவிட்டான். செல்வி சிரிக்கவில்லை. கையிலிருந்த ஊதுபத்திப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவர் அக்காவுக்கும் சொந்தம்தானே. நாம அண்ணன் பக்கத்துல மட்டும்தான் கேட்டோம்" என்றாள் மெதுவாக. நாங்கள் எல்லாருமே லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தத் திறப்பு வழியாக என்னவெல்லாம் போய்வருகிறது என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது புகை மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் தனபால் வந்தான். வாசலில் கூட்டம், உடைந்த தாழ்ப்பாள், தரையில் அக்கா, நடுவீட்டில் ஒரு ஏணி. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நைனாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இவங்கதான் கதவை உடைச்சிட்டாங்க" என்று கையில் பாதி இட்லியோடு அண்ணன் எங்களைக் காட்டிக்கொடுத்தார்.

நான் ஏணிக்குப் பின்னால் போய் நின்றேன். ஏணி அவ்வளவு அகலமில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் உடைக்கச் சொன்னேன்" என்று ராஜம்மா அக்கா எழுந்தார். "சத்தம் வரல, உடைக்கச் சொன்னேன். நீ இன்னா கேக்கணுமோ என்னைக் கேளு."

தனபால் அவரைத் தாண்டி உள்ளே போனான். சுவரைத் தொட்டுப் பார்த்தான். தலைக்கு மேலே பார்த்தான். வெளியே வெயில் ஏறிவிட்டது, உள்ளே அந்தச் சூடு இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது. அண்ணன் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த இட்லியை மெல்லவே மறந்துவிட்டார்.

மகன் திரும்பி வந்து, கதவுக்கு முன்னால் நின்றான். தாழ்ப்பாளை விரலால் ஆட்டினான்.

"எவ்ளோ நேரமா சத்தம் வரல அக்கா?"

"டீ கொதிக்கறப்போ பாத்தேன். டீ ஆர்றதுக்குள்ள உடைச்சிட்டோம்."

தனபால் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். பிறகு அப்பாவைப் பார்க்காமல், கதவைப் பார்த்தே சொன்னான். "அங்க நானும் என் பொண்டாட்டியும் ஷிப்ட்டுக்குப் போயிட்டா சாயங்காலம்தான் வருவோம். எதிர் வீட்டுக்காரன் பேரு கூட எனக்குத் தெரியாது."

"அப்போ... பெட்டி?" என்றார் அண்ணன்.

"இட்லியைச் சாப்டுங்க நைனா."

அவ்வளவுதான். அண்ணன் ஒரு வாய் எடுத்துப் போட்டார். அவசரத்தில் புரையேறி, இருமினார். பலமாக, வீடே அதிரும்படி. ராஜம்மா அக்கா, "ஆங், இப்ப வருது பாரு" என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரப் போனார்.

பிறகு நடந்தது கேங் வேலை. அட்டையைக் கழற்றினோம். கழற்றினால் பக்கத்து வீட்டுச் சூடு மறுபடி வருமே? வரும். ஊதுபத்தியோடு ராஜம்மா அக்கா வீட்டுக்குப் போனோம். புகை அவர் அடுப்புக்கு மேலே ஏறி, கொதிக்கிற ஷீட்டைத் தொட்டு, அண்ணன் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அப்படியானால் வெள்ளையடிக்க வேண்டியது யார் வீட்டுக் கூரை? அக்காவுக்குப் பக்கத்து வீடு? அதற்குப் பக்கத்தில்? கூரை ஒன்று என்றால் வேலையும் ஒன்றுதானே. இது எங்களுக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டைத் தனியாகக் குளிர வைப்பதுதான் பெங்களூர் வழக்கம். செல்வி ஏறிவரும் ரயிலில் அதுவும் கூடவே வந்துவிட்டதோ?

செல்வி இந்த முறை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். புழுதி மட்டும் வராமல் இருக்க, திறப்பில் கொசுவலைத் துணி கட்டினோம். சத்தம் அதற்குள் புகுந்து வரும். தனபால் சட்டையைக் கழற்றிவிட்டு ராஜம்மா அக்கா வீட்டுக் கூரையில் ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பழைய இடம் கிடைத்தது, நிம்மதி.

அண்ணன் வீடு முதல் வாரம் போல அவ்வளவு குளிர்ச்சி இல்லை என்கிறார்கள். ஆனால் வெயில் காலத்தைத் தாங்கும். தாழ்ப்பாளை ஸ்டீபன் மாற்றிக்கொடுத்துவிட்டான். அண்ணன் அதைப் போடுவதே இல்லை.

செல்வியின் பையில் இப்போதும் ஊதுபத்திப் பாக்கெட் இருக்கிறது. ஆனால் எந்த இடைவெளியையும் அடைப்பதற்கு முன்னால், அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றுகொள்கிறாள். இந்தப் பக்கத்திலிருந்து நான் ஒரு தடவை இருமிக் காட்ட வேண்டும்.