ஒரு கட்டை சுருதி

பாட்டின் நடுவில் அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். கடலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பந்திக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக்கை வாயிலிருந்து எடுக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி, என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். என்ன ஆச்சு என்பது அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பதினெட்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒரு நொடி தயங்கித்தான் திரும்புகிறேன்.

எங்களுடையது சின்ன ஆர்கெஸ்ட்ரா. அண்ணன்தான் முதலாளி, ஆண் குரலும் அவர்தான். அண்ணி பெண் குரல். நான் கீபோர்டு. ரிதம் பேடுக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, கம்மாபுரம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரே வேனில் அடைந்துகொண்டு போவோம். அண்ணி சிதம்பரத்துப் பெண். வயதில் என்னைவிட ஒன்று குறைவு. ஆனாலும் முறைக்கு அவர் அண்ணி, நான் தம்பி, இரண்டு பக்கமும் வாங்க போங்கதான்.

சினிமாப் பாட்டை அசல் சுருதியில் பாடினால்தான் அசல் மாதிரி இருக்கும் என்பது அண்ணனின் கொள்கை. அண்ணிக்கோ மேலே போகப் போக தொண்டை இறுகும். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு கச்சேரிக்கு மறுநாளும் அவரால் பேச முடியாது. ஒருநாள் அண்ணன் வெளியே போயிருந்தபோது என்னிடம் வந்தார். "தம்பி, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். ஒரு கட்டை எறக்கி வச்சிடுங்க. அவருகிட்ட சொல்ல வேணாம். ஒரு வருஷம் குடுங்க, பயிற்சி பண்ணி நானே ஒரிஜினலுக்கு வந்துடுறேன்" என்றார். எங்கள் தொழிலில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு தரம் அழுத்தினால் ஒரு கட்டை இறங்கிவிடும், விரல் எப்போதும் போகிற இடத்திலேயே போகலாம். சுருதி சொல்கிற வாத்தியம் குழுவில் அது ஒன்றுதான் என்பதால் மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. அண்ணன் பாடும்போது ஏற்றிவிடுவேன், அண்ணி வந்ததும் இறக்கிவிடுவேன்.

அண்ணி பயிற்சி செய்ததைப் போல யாரும் செய்து நான் பார்த்ததில்லை. காலையில் பால் காய்ச்சி வைத்துவிட்டுப் பின்கட்டு அறையில் உட்காருவார். அடிவயிற்றில் ஒரு கை. முதலில் வாயை மூடி வெறும் 'ம்' மட்டும், அதுவும் கீழ் ஸ்வரங்களில். கால் மணி நேரம் அது மட்டும்தான். பிறகு வாயைத் திறந்து 'ஆ'. ஒரு மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று விரல் மடக்கிப் பார்ப்பார். கழுத்து நரம்பு புடைத்தால் உடனே நிறுத்தி, ஒரு படி கீழே வந்து மறுபடி ஆரம்பிப்பார். தினக் காலண்டர் தாளில் அன்று நோகாமல் தொட்ட ஸ்வரத்தைப் பென்சிலால் எழுதிக் கிழித்து ஒரு டப்பாவில் போடுவார். நான் சுருதி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கொட்டாவி விட்டுக்கொண்டு. "நீங்களும் மத்த ஸ்கேலெல்லாம் வாசிச்சுப் பழகலாமே தம்பி, மெதுவா, ஒரு கை ஒரு கையா" என்பார். பொத்தான் இருக்கும்போது எதற்குப் பழக வேண்டும் என்று சிரிப்பேன். சோம்பேறிக்குக் கிடைத்த வரப்பிரசாதம் அந்தப் பொத்தான்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. அந்த வரவேற்பன்று காலையில் அண்ணன், "இன்னைக்கி சிங்கப்பூர் ப்ரோகிராமுக்கு ஆளு எடுக்கிறவரு வர்றாரு. காது ரொம்ப கூர்மை. சுருதி ஒரு இம்மி நகரக்கூடாது" என்றார். இறக்கி வாசித்தால் அந்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார், கெட்ட பெயர் எனக்கு வரும், சிங்கப்பூர் போய்விடும். அண்ணியிடம் சொன்னால் மேலே போகிற பாட்டே வேண்டாம் என்பார். இவ்வளவுதான் நான் யோசித்தது. பொத்தானைத் தொடாமல் விட்டேன். கெட்டது செய்தேன் என்றுகூட அப்போது தோன்றவில்லை, எதுவும் செய்யாமல்தானே இருந்தேன்!

இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் அண்ணியின் குரல் உடைந்தது. உடைந்தது என்றால், மேலே போன குரல் அங்கேயே அறுந்து வெறும் காற்று வந்தது. பந்திக்குப் போகாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் மேடையைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். அண்ணன் பாய்ந்து வந்து மிச்சத்தைத் தன் குரலில் இழுத்து முடித்தார்.

வேனில் ஏறுவதற்கு முன் அண்ணி என் பக்கத்தில் வந்து, "எறக்கித்தானே தம்பி வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சத்தமே இல்லாத குரல். "ஆமா அண்ணி" என்றேன். அவர் தலையாட்டினார். வேனில் அண்ணன், "மானமே போச்சு, சுருதிய எவனாவது மாத்தித் தொலைச்சீங்களா?" என்று கத்தியபோது, "யாரும் ஒண்ணும் பண்ணல, எனக்குத்தான் வரல" என்று அண்ணிதான் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, இரண்டு வாரம் பேசாமல் இருங்கள் என்றார். இரண்டு வாரத்தில் குரலும் வந்துவிட்டது. ஆனால் அண்ணி மறுபடி பின்கட்டு அறைக்குப் போகவில்லை. நான் ஒருநாள் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அஞ்சு மாசம் உயிர விட்டும், எறக்கி வச்சும் வரல. இருக்கிறவங்களுக்குத்தானே வரும் தம்பி, எங்கிட்ட இல்ல" என்றார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றுதான் எனக்குச் சிங்கப்பூரிலிருந்து தகவல் வந்திருந்தது. வந்தவருக்கு அண்ணன் குழு பிடிக்கவில்லை, கீபோர்டுக்காரன் மட்டும் போதும் என்றாராம். வாயை மூடிக்கொண்டு பாஸ்போர்ட் வேலையைப் பார்த்தேன்.

ஆர்கெஸ்ட்ரா அந்த வருடமே கலைந்தது. அண்ணனும் அண்ணியும் சிதம்பரத்துக்குக் குடிபோனார்கள். அண்ணன் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறார், அண்ணி பாத்திரக்கடையில் பில் போடுகிறார். வீட்டு விசேஷங்களில் ஒரு பாட்டு பாடேன் என்று யாராவது கேட்டால், "எனக்கு வராதுங்க" என்பார். அடக்கத்துக்குச் சொல்வதாக எல்லோரும் நினைப்பார்கள்.

நான் கடலூரில் வகுப்பு நடத்துகிறேன். குரல் பயிற்சி, கீபோர்டு, பியானோ. பலகையில் சிங்கப்பூர் பெயரும் உண்டு, வெட்கமில்லாமல் பெரிய எழுத்தில். பழைய பியானோ ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. பியானோவில் பொத்தான் கிடையாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒவ்வொரு ஸ்கேலாக, மெதுவாக, ஒரு கை ஒரு கையாகப் பழகினேன். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் கை தானாக வந்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. பாட வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவதும் அண்ணியிடம் பார்த்ததுதான். அடிவயிற்றில் கை, வாய் மூடிய 'ம்', நரம்பு புடைத்தால் ஒரு படி கீழே. என் சொந்த முறை என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை.

சென்ற மாதம் என்னிடம் படிக்கும் ஒரு வங்கி ஊழியர், நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிறவர், ஒரு பாட்டு எட்டவில்லை என்று அழுதுவிட்டார். தனக்குக் குரலே இல்லை, இனி வரப்போவதில்லை என்றார். "உங்க தொண்டையில ஒரு கொறையும் இல்லைங்க, சுருதிதான் ஜாஸ்தி" என்று சொன்னேன். அவருடைய முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம். பதினெட்டு வருடமாக ஒருத்திக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அண்ணன் வண்டி எடுத்துப் போயிருந்தார். அண்ணி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் இறக்கவில்லை, அசல் சுருதியிலேயே வைத்திருந்தேன், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் சுவரில் தொங்கிய தினக் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "எந்த எடத்துல ஒடஞ்சுது?" என்றார்.

"ரெண்டாவது சரணம், கடைசி வரி."

"பல்லவி?"

"சுத்தமா வந்துச்சு அண்ணி."

"மொத சரணம்?"

"ஒரு பிசிறு இல்ல."

அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். "அப்ப நான் வந்துட்டேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் கேட்டேன். அஞ்சு மாசத்துலயே ஒரிஜினலுக்கு வந்துட்டேன்."

அந்த ஒரு கணம் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்து நான் குடித்து முடிக்காத டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்க கெளம்புங்க தம்பி" என்றார். "அவரு வர்றதுக்குள்ள நான் கொஞ்சம் அழணும்."