மெழுகிய கரை

சப்பாத்தி மாவில் ஒரு துண்டைக் கிள்ளி, பலகையில் வைத்து, உள்ளங்கையால் திரிபோல உருட்டிக்கொண்டிருக்கிறார் செண்பகவல்லி. திரி எந்தப் பருமனில் ஒடிகிறது என்று பார்க்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்பதை மண் அப்படித்தான் சொல்லும். மாவும் சொல்லும் என்பது அவர் கட்சி. "ஏட்டி, அது மாவு. கல்லு காயுது, இங்கன தா" என்று தாயார் வள்ளிமயில் பலகையைப் பிடுங்கிக்கொள்வது அந்த வீட்டில் அன்றாட நிகழ்ச்சி.

கோவில்பட்டியில் தம்பியின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். மேசையில் கணினி ஒன்று, ஜன்னல் திட்டில் மண் அடைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் முப்பது. சரிவுகளும் கரைகளும் எப்போது, எப்படிச் சரியும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே சரியவிட்டுப் பார்ப்பது தொழில். கணக்கு ஓடும்போது இடது கையால் மட்டும் காரச்சேவு தின்பார். வலது கை விசைப்பலகைக்கு. அந்த விதி இருபது வருடமாக மாறவில்லை.

குளிர்நாடுகளின் களிமண்ணுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றின் வழியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். கல்போல நிற்கும் அந்த மண், ஒருமுறை கலங்கிவிட்டால் கூழாக ஓடும். "நம்ம கரிசல் அப்படி ஓடாது. கோடையில வெடிச்சு, மழையில ஊதி, வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாத் தெம்பு விட்டுக்கிட்டே வரும்" என்பார்.

கரை ஏன் ஒரே அடியாக உடைவதில்லை என்று கேட்பவர்களுக்குச் சப்பரக் கதை சொல்வார். "எட்டுப் பேரு சப்பரம் தூக்குதாங்கன்னு வைங்க. ஒருத்தன் தோளு தளருது. அவன் பாரம் பக்கத்துக்காரன் மேல ஏறுது. அவனும் தளருதான். அப்புறம் அடுத்தவன். பழைய கணக்குல எட்டுப் பேர் தெம்பையும் கூட்டிப் போட்டு, தாங்கும்னு எழுதிருவாவ. முதல் ஆளு எப்பமோ விட்டுட்டாம்லா?" கணினியில் அவர் கரையைப் பல்லாயிரம் சிறு முக்கோணங்களாக வெட்டுகிறார். தளர்ந்த முக்கோணம் சிவக்கும். சிவப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் விடை.

ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரின் கண்மாய்க்கரை சென்ற ஆண்டு அவரிடம் வந்தது. கோடையில் போய் அளந்தார். வெடிப்பு ஒரு சாண் ஆழம்தான். கண்மாய் நிறையத் தண்ணீர் தேக்கலாம், கரை நிற்கும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஐப்பசியில் நல்ல மழை. விளிம்புக்கு இரண்டடி குறைவாகத் தண்ணீர் நின்ற காலையில், தன் கரையைப் பார்க்க அவரே போனார். கரைக்கு நேர் கீழே வீடுள்ள வெள்ளைத்தாய் டீ கொடுத்துப் பெருமையாகச் சொன்னார்: "போன தடவை நீங்க வருதீயன்னு கரை பூராவும் மெழுகி வச்சோம்லா! வெடிப்புக்குள்ள உங்க காலு மாட்டிக்கிட்டா ஊருக்கில்லா அசிங்கம்?"

செண்பகவல்லி டம்ளரைக் கீழே வைத்தார். "மெழுகுததுக்கு முன்ன எவ்வளவு ஆழம் இருந்துச்சுக்கா?"

"ஆழமா? மம்பட்டிக் காம்பு முழுசா உள்ள போச்சு. ஒவ்வொரு வெடிப்பு மேலயும் ரெண்டு சட்டி மண்ணைத் தட்டித் தடவி விட்டோம்."

அந்த வீட்டு முற்றத்திலேயே மடிக்கணினியைத் திறந்து, ஒரு சாண் என்ற பழைய ஆழத்தை எடுத்துவிட்டு, மம்பட்டிக் காம்பின் நீளத்தைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் நடுக்கரையின் அடி சிவந்தது. சிவப்பு மேலே ஏறியது. கண்மாய் நிறைந்தால் அந்த இடம் போகும். கீழே முப்பது வீடுகள்.

தண்ணீரை இறக்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்ப, பாசன சங்கத் தலைவர் பேச்சிராஜா ஆட்களோடு கரைக்கு வந்தார். "நிக்கும்னு கையெழுத்துப் போட்டது யாரு தாயி?"

"நாந்தான் அண்ணாச்சி. வெடிப்பு ஆழம் தெரியாமப் போட்டேன், அது தப்பு. இப்பச் சொல்லுததுதான் சரி. இன்னும் ரெண்டு அடி இறக்குங்க, மிச்சத் தண்ணி நிக்கும்."

"தையில பயிரு காஞ்சா உங்க கம்ப்யூட்டரு வந்து ஊத்துமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தார். பிறகு நேரான பருத்திமார்க் குச்சிகள் பன்னிரண்டு பொறுக்கி, கரையின் வெளிச்சரிவில் நூல் பிடித்து ஒரே வரிசையாக நட்டார். "தண்ணி இன்னும் ஏறுது. சாயங்காலம் பாருங்க. வரிசை கோணாம இருந்தா நான் பேசல. நடுவுல உள்ள குச்சி வெளிய தள்ளியிருந்தா மடை ஷட்டரைத் திறக்கணும்."

"சரி தாயி. அதுவரைக்கும் நீங்க எங்கன இருப்பிய?"

"இங்கனதான்" என்று வெள்ளைத்தாய் வீட்டு வாசலைக் காட்டினார். சொன்னபடி அங்கேயே உட்கார்ந்து, மத்தியானம் அவர்கள் வீட்டுக் கம்மஞ்சோற்றைச் சாப்பிட்டார்.

வெயில் தாழ்ந்தபோது பேச்சிராஜா வரிசையின் முனையில் குந்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குச்சிகளின் ஓரமாக நெடுநேரம் பார்த்தார். நடுவிலிருந்த நான்கும் இரண்டு விரற்கடை வெளியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மடையை நோக்கி நடந்தார்.

ஷட்டரின் இரும்புக் கைப்பிடி துருப்பிடித்திருந்தது. அவர் ஒருவர் பலத்துக்கு அது அசையவில்லை. செண்பகவல்லி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலது கையையும் சேர்த்து, கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்தார்.