தொட்டப்பா கல்லும் நானும்

என் பேரன் தொம்மலூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஜிம்முக்குப் போகிறான். ஒரு வருஷமாக ஒரே எடையைத்தான் தூக்குகிறானாம், அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதாம். சரி, மனுஷ உடம்பு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. இப்போது தூக்குவதைப் போல இரண்டு மடங்கு தூக்கப்போவதாகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறான். சமையல் மேடையில் எனக்கு ஒரு டம்ளர் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் பவுடர் டப்பா. முட்டை வேகவைத்தே மருமகளுக்கு அலுத்துப்போய்விட்டது. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறந்து சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இந்தக் கூத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்தாகிவிட்டது. பார்த்தது மட்டுமா, அதில் எடைக்கல்லாகவே இருந்திருக்கிறேன்.

அப்போது தொம்மலூர் வெறும் கிராமமாகத்தான் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பகலில் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. விடிவதற்கு முன்னால் குஸ்தி பழகுகிற கரடி மனையில் தண்டாலும் பஸ்கியும். கரடி மனை எங்கள் தெருமுனையில், அம்மன் கோயிலை ஒட்டி இருந்தது. அதன் முற்றத்தில் மூன்று குண்டுக்கல் கிடக்கும். உருண்டையாக, பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாமல், பார்த்தாலே எரிச்சல் வருகிற கற்கள். சின்னதுக்குத் தம்பி என்று பெயர், நடுவில் இருப்பது அண்ணன். பெரிய கல்லுக்குத் தொட்டப்பா. கன்னடத்தில் பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்லை முதலில் மடிக்கு ஏற்றி, அங்கிருந்து மார்புக்கு ஏற்றி, கடைசியில் தோளில் வைக்க வேண்டும். அப்போதுதான் தூக்கினதாகக் கணக்கு.

மாமா தம்பியைத் தூக்கிவிடுவார். அண்ணன் மடி வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. போன வருஷமும் மடிதான், அதற்கு முந்தின வருஷமும் மடிதான். தினமும் காலையில் வீட்டுக்கு வந்து, 'இன்னிக்கும் மடிதான்க்கா' என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா பாதிப் பாலை அவருக்கு ஊற்றிக்கொண்டே, 'மடியிலயே வச்சுத் தாலாட்டு' என்பாள்.

கரடி மனையில் குஸ்தி சொல்லிக்கொடுக்கிற வஸ்தாது, கொஞ்ச நாள் கல்லைத் தொடாமல் இரு, உடம்பு தானாக வழிக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார். நல்ல வார்த்தைதான். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில், ஊர் ஆட்கள் பத்துப் பேர் நிற்கும்போது கற்பூரத்தில் கையை வைத்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்: வருகிற திருவிழாவில் தொட்டப்பாவைத் தோளில் ஏற்றப்போகிறேன், ஏற்றாவிட்டால் கரடி மனைக்குள் இனிமேல் காலே வைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அதையே எங்களிடமும் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணனையே தூக்க முடியல. நீ தொட்டப்பாகிட்ட எதுக்குடா போறே?"

"அண்ணனையே பாத்துட்டு இருந்தா அண்ணன்கிட்டயேதான்க்கா நிப்பேன்" என்றார் மாமா.

அப்பா சைக்கிள் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர், இவன் தூக்குகிற கல் எல்லாம் கடைசியில் நம் தலையில்தான் வந்து விழும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். விழுந்தது என்னவோ என் தலையில்.

மாமா ஒரு யோசனை கண்டுபிடித்தார். கல் வளராது, குழந்தை வளரும். தினமும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டே வந்தால், அது நமக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும், கூடவே உடம்புக்கும் தெரியாமல் பலம் ஏறும். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான்தான்.

நான் யாராவது வீட்டுக்கு வந்தாலே அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போகிறவள். என்னைப் போய் ஒரு பக்கத் தோளில் உட்காரவைத்து, தெரு முழுக்க நடந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் மறுபடியும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும். நான் அசையக் கூடாது. மூக்கு அரித்தால்கூடச் சொறியக் கூடாது. கல்லுக்கு அரிக்குமா என்று கேட்பார். வகுப்பில் எனக்குக் 'கல்லு' என்றே பெயர் ஆகிவிட்டது. டீச்சர்கூட ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது போதாதென்று தீனி வேறு. நான் வேகமாக வளரவில்லை என்று மாமாவுக்கு மனத்தாங்கல். ராகிக் களியில் ஒரு உருண்டை கூடுதலாக வைப்பார். ஊறவைத்த கடலை, வெல்லம், வேர்க்கடலை என்று கையில் எது கிடைத்தாலும் என் வாயில் திணிப்பார். "இன்னும் ஒரு வாய், கண்ணு. திருவிழாவுக்குள்ள நீ கனக்கணும்" என்று கெஞ்சுவார். பாண்டி ஆடப் போனால் பின்னாலேயே ஓடி வருவார், ஓடினால் இளைத்துவிடுவேனாம். மற்ற பெண்கள் ஆடுவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அழுகை அழுகையாக வரும். அம்மாவிடம் போய்ச் சொன்னால் அவளுக்கு மாமா மேல் கோபம் வரும், ஆனால் அந்தக் கோபத்தில் முதுகில் ஒன்று எனக்குத்தான் விழும். திருவிழா வந்து போய்விட்டால் போதும், அவர் தூக்கினாலும் சரி, தூக்காவிட்டாலும் சரி, நமக்கு விடுதலை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா நெருங்கிவந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. நல்ல காய்ச்சல். தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். நாள் கணக்காகப் பாயிலேயே கிடந்தேன். மாமா கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அது வரைக்கும் நல்லவர்தான். காய்ச்சல் விட்டு நான் எழுந்து உட்கார்ந்த அன்றைக்குக் காலையில், கிணற்றடிக்குக் கொண்டுபோக என்னை வாரி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இறக்கினார். மறுபடியும் எடுத்தார். ஒரே வீச்சில் தோளுக்குப் போய்விட்டேன்.

"அக்கா, இங்க வந்து பாருக்கா. பஞ்சு மாதிரி வரா. பலம் ஏறிடுச்சுக்கா எனக்கு."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். என் கழுத்தெலும்பைப் பார்த்தாள். கவுன் தோளிலிருந்து நழுவித் தொங்குவதைப் பார்த்தாள். குருடனுக்குக்கூடத் தெரியும், நான் பாதியாகியிருந்தேன். மாமா முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நானும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மா வாயைத் திறந்தாள். இதோ மாமாவுக்கு நன்றாகக் கொடுக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய், நான் இளைத்துப்போய்விட்டேன் என்று மாமாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'கஞ்சியக் குடி' என்றாள்.

திருவிழா அன்றைக்கு மூன்று கற்களையும் கோயில் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் ஒரு ஓரமாக நின்றோம். மாமா கையில் செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டு, நேராகத் தொட்டப்பாவிடம் போனார். தம்பியையும் அண்ணனையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கட்டிப்பிடித்தார். கல் அசைந்தது. மண்ணை விட்டுக் கிளம்பியது. முழங்கால் வரைக்கும் வந்தபோது கூட்டம் வாயைப் பிளந்தது, நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, அவர் முகம் வேறு யாருடைய முகம் போலவோ ஆகிவிட்டது. மடிக்கு ஏறுகிற சமயத்தில் வழுக்கிவிட்டது. கீழே விழுந்து மண்ணில் பதிந்தது.

"ஹோகலி பிடப்பா" என்றார் ஒரு பெரியவர், போகட்டும் விடு என்று. அதோடு நின்றிருக்கலாம். பின்னாலிருந்து ஒருத்தன், "அக்கா பொண்ணு கனம்தான்னு நெனச்சுட்டான் பாவம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே என்னையும் திரும்பிப் பார்த்தார்கள். என் மானமும் சேர்ந்து போயிற்று.

அதற்குள் மேளச் சத்தம் நெருங்கி, அம்மன் பல்லக்கு தெருமுனை திரும்பிவிட்டது. தொட்டப்பா விழுந்தது ஒரு ஓரமாகத்தான். ஆனால் பல்லக்கு வருகிற வழியில், நட்டநடுவில் அண்ணன் கிடந்தான். வழிவிடு, வழிவிடு என்று கத்துகிறார்கள். இரண்டு பேர் அதை உருட்ட ஓடிவந்தார்கள். மாமா இருந்த கோபத்தில் இரண்டு பேரையும் தள்ளிவிட்டார். குனிந்தார், கல்லை எடுத்தார், மடி, மார்பு, தோள், அவ்வளவுதான். நாலு எட்டு நடந்து மதில் ஓரமாகத் தொப்பென்று போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார். கூட்டம் பல்லக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன்தான். வழி கிடைத்தது, அம்மன் வந்தது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா மட்டும் அம்மனைக் கும்பிடக் கையைக் குவித்தவள், கும்பிட மறந்து மதில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து கரடி மனைக்குப் போகவில்லை. கடைக்குப் போவார், வருவார், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். எனக்கா, கொண்டாட்டம். என் காலாலேயே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பாண்டி ஆடினேன். மூக்கு அரித்தால் சொறிந்துகொண்டேன். பால் மிச்சமாகி, வீட்டில் கெட்டித் தயிர்கூட உறைந்தது. அம்மாவுக்கு இதைவிட நிம்மதி என்ன வேண்டும்? ஆனால் அவள் பாத்திரத்தை எல்லாம் டமார் டமார் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமா முன்னால் நிறுத்தினாள்.

"இவளத் தூக்கு."

"இனிமே எதுக்குக்கா" என்று மாமா துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

"காய்ச்சல்ல இளைச்சுக் கெடந்தப்ப பஞ்சுன்னு சொன்னே இல்ல? இப்பத் தேறிட்டா. இப்பத் தூக்கு பாப்போம்."

மாமா துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

அம்மா என்னை இன்னும் அவர் பக்கம் தள்ளினாள். "திருவிழால ஒரு கல்ல எடுத்து ஓரமா போட்டியே, எந்தக் கல்லுன்னு பாத்தியாடா?"

"எதுவோ. வழியில கெடந்துது."

"அண்ணன்டா அது. தோள்ல வச்சுக்கிட்டு நாலு எட்டு நடந்தே. என் கண்ணால பாத்தேன்."

மாமா தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மன் முன்னாடி சொல்லிட்டேனேக்கா, உள்ள கால் வைக்க மாட்டேன்னு" என்றார்.

"அந்த அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ மொதல்ல இவளத் தூக்கு."

பல்பொடி வழிகிற வாயோடு நான் தோளுக்குப் போனேன். மாமா முக்கினார், ஆனால் சிரித்துக்கொண்டே முக்கினார். "அடுத்த வருஷம் தொட்டப்பாதான்க்கா" என்றார். அம்மா, "ஆமா, கிழிச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் பாலைச் சொம்போடு கொண்டுவந்து, தயிருக்கு என்று ஒரு சொட்டுகூட எடுத்துவைக்காமல், அவர் கையில் கொடுத்தாள்.

இறக்கிவிடச் சொல்லு என்று நான் அம்மாவையே பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமா குடிக்கிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் இந்தக் கூத்து எப்போது ஒழியும் என்று புலம்பியவளும் இவள்தான், தானாக ஒழிந்ததைக் கூப்பிட்டு மறுபடியும் நடுவீட்டில் உட்காரவைத்தவளும் இவள்தான். தோற்றுப்போன ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு பால் என்று எனக்கு விளங்கவே இல்லை. இந்த வீட்டில் என் பக்கம் பேச ஒருத்தரும் இல்லை என்பது மட்டும்தான், அன்றைக்கு அந்தத் தோளில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது.