எட்டாம் கிளை உஷ் அக்கா

காலை எட்டரை மணிக்குச் சாவிக்கொத்தோடு வந்த உஷ் அக்காவுக்கு நூலக வாசலிலேயே தூக்கிவாரிப் போட்டது. கதவில் மஞ்சள் தாளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'இக்கட்டடம் சிதைந்த நிலையில் உள்ளது. வரும் வெள்ளிக்கிழமை இடிக்கப்படும். பொதுமக்கள் உள்ளே நுழையக் கூடாது.' அன்று செவ்வாய். பசைகூட இன்னும் காயவில்லை. அக்கா இரண்டு தடவை படித்தார். கட்டடம் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் தோன்றி, நிமிர்ந்து பெயர்ப்பலகையைப் பார்த்தார். எட்டாம் கிளை என்றுதான் போட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷமாகத் திறந்து மூடுகிற கதவு, வேறெங்கே போய்விடும்?

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. யாராவது வாயைத் திறந்தால் போதும், நூலகர் மேசையிலிருந்து 'உஷ்' என்று ஒரு சத்தம் வரும். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர்கூட, வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் "சரிங்க உஷ் மேடம்" என்பார். இருபத்தைந்து வயதில் கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர் அக்கா. பதவி உயர்வு இரண்டு முறை தேடி வந்தது. தலைமை அலுவலகத்துக்கு மாற வேண்டும் என்றதும் இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "அங்க போனா ஃபைல் மூஞ்சியத்தான் பாக்கணும். மனுஷங்க மூஞ்சிய எப்பப் பாக்கறது?" என்பது அவர் கட்சி.

எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரே வரைபடத்தை வைத்து, ஒரே வருஷத்தில், நகரத்தின் பேட்டைக்கு ஒன்றாகப் பதினொரு கிளை நூலகங்களைக் கட்டினார்கள். படிக்கிறவரின் இடது தோளுக்கு மேலாகத்தான் வெளிச்சம் விழ வேண்டும் என்று அந்தக் கால என்ஜினியருக்கு ஒரு வைராக்கியம். அதனால் பதினொன்றிலும் ஜன்னல்கள் ஒரே பக்கம், மேசைகள் ஒரே திசை. சுவர் ஒன்றரை அடி கனம். ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும். பிற்பாடு கம்ப்யூட்டர் வைப்பதற்கென்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அறையை ஒட்டவைத்து, அதற்குப் 'புதுத் தொகுதி' என்று பெயர் சூட்டினார்கள். அன்றிலிருந்து அலுவலகக் காகிதங்களில் அசல் கூடம் 'பழைய தொகுதி' ஆகிவிட்டது. மழைக்கு ஒழுகுவது என்னவோ புதுத் தொகுதிதான்.

அந்தப் பதினொன்றில் இரண்டு, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகங்களாகிவிட்டன. ஒன்றில் தெருவிளக்குச் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு, ஐந்து, ஏழு, பத்து ஆகிய நான்கு கிளைகளும் ஆறே வருஷத்தில் தரைமட்டம். ஒவ்வொன்று போனபோதும் உஷ் அக்கா கொதித்தார். "மனசாட்சி இல்லாத பாவிங்க, நல்லாவே இருக்க மாட்டாங்க" என்று முகம் தெரியாத அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி ஏசினார். வாசகர்களிடம் கையெழுத்து வாங்கி மனு மேல் மனுவாக அனுப்பினார். ஐந்தாம் கிளை போன பிறகு, அங்கே தினமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வயதான தையல்காரர் ஒருவர் இரண்டு பஸ் மாறி எட்டாம் கிளைக்கு வர ஆரம்பித்தார். அவருக்குக் காது மந்தம். கத்திப் பேச மனம் வராத அக்கா, அவரிடம் சைகையிலேயே காலம் தள்ளினார்.

அன்றும் முதலில் வந்தவர் அவர்தான். மஞ்சள் தாளைப் பார்த்துவிட்டு, "இங்கயுமா?" என்றார். அக்கா கதவைத் திறந்துவிட்டுச் சாவியை அவர் கையில் திணித்தார். அடுத்த பஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். வழியெல்லாம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கட்டடப் பிரிவின் அதிகாரி, நாற்பது வயதுகூட ஆகாத பெண். அக்கா நாற்காலியைத் தொடவே இல்லை.

"எங்க கட்டடத்துக்கு என்ன கேடு? யாரு வந்து பாத்தது? எந்த மகராசன் சிதைஞ்சுபோச்சுன்னு எழுதினான்? அந்தக் கையெழுத்தை நான் பாக்கணும்."

"உக்காருங்கம்மா."

"உக்கார வரலை. காட்டுங்க."

அதிகாரி ஃபைலைத் திறந்து, நாலைந்து தாள் தள்ளி, ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "இதுதாங்க அடிப்படை. உங்க கிளையிலேருந்து வந்ததுதான்."

நீல மையில், கட்டம் கட்டமாக, குண்டு குண்டான அழகான எழுத்து. 'பழைய தொகுதி. கட்டு. சிதைந்தது. பழுது பார்க்க இயலாது. கழிக்கலாம்.' கீழே இருந்த கையெழுத்து உஷ் அக்காவுடையது.

அக்கா யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது புஸ்தகத்துக்கு எழுதினதுங்க" என்றார். "தொகுதின்னா வால்யூம். பழைய கலைக்களஞ்சியம், பதினாலு தொகுதி. கட்டுன்னா பைண்டிங். பைண்டிங் பிஞ்சு தொங்குது, இனிமே ஒட்ட முடியாது, பட்டியல்லேருந்து கழிச்சுடலாம்னு எழுதினேன்."

அதிகாரி தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "கட்டுக்கு அப்புறம் புள்ளி இருக்கே. எங்க பிரிவுல கட்டடத்தை அப்படித்தாம்மா சுருக்கி எழுதுவோம்."

"ஒவ்வொரு கட்டத்துலயும் கடைசியில புள்ளி வைக்கணும்னு நீங்கதானே சுற்றறிக்கை விட்டீங்க! பின்னாடி யாரும் எதையும் சொருகிடக் கூடாதுன்னு!"

அந்த ஒரு தாள் ஏழு மேசையைக் கடந்து வந்திருந்தது. நூல் பிரிவு, 'பழைய தொகுதி' என்பதைப் பார்த்ததும் இது பழைய கூடம், நமக்கில்லை என்று கட்டடப் பிரிவுக்குத் தள்ளிவிட்டது. தட்டச்சு செய்தவர், போனால் போகிறது என்று 'கட்டு.' என்பதைக் 'கட்டடம்' ஆக்கினார். என்ஜினியர் இருந்த இடத்திலிருந்தே 'நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதினார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேரில் ஒருவர்கூட எட்டாம் கிளைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"நிறுத்திடலாம்மா" என்றார் அதிகாரி. "ஆனா தப்பு உங்களோடதுன்னு எழுதிக் குடுக்கணும்."

"நான் தப்பா எழுதலையே. நீங்கதானே தப்பாப் படிச்சீங்க?"

"ஏழு பேரு தப்பாப் படிச்சாங்கன்னு ஃபைல்ல ஏத்த முடியாது. ஒருத்தர் தப்பா எழுதினாங்கன்னா ஏத்தலாம். வெள்ளிக்கிழமை காலையில இடிக்கற வண்டி வந்துடும். உங்க இஷ்டம்."

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வருஷமாக ஒரு கண்டனக் குறிப்புகூட வாங்காதவர். ஓய்வுபெற ஒன்பது மாதம் இருக்கையில் அதையும் தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார். கட்டடம் தப்பினால் போதும் என்றிருந்தது.

அதிகாரி இடிப்பை நிறுத்தும் ஆணையில் முத்திரை குத்திக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "எங்களைத் தப்பு சொல்லாதீங்கம்மா. ரெண்டு, அஞ்சு, ஏழு, பத்து, நாலு கிளையிலேருந்தும் இதேதான் வந்துச்சு. ஒரு வார்த்தை மாறலை. அதனாலதான் உங்களோடது வந்தப்ப எங்களுக்குச் சந்தேகமே வரலை."

அக்கா நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார். "அந்த ஃபைலையும் காட்டுங்க" என்றார்.

நாலு ஃபைல், நாலு பேர் கையெழுத்து, ஒரே வாசகம். புள்ளிகூட இடம் மாறவில்லை. பதினொரு கிளைக்கும் அந்தக் காலத்தில் ஒரே கலைக்களஞ்சியத்தைத்தான் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிய்ந்தது. மற்றக் கிளைக்காரர்கள் வயதில் சின்னவர்கள். சந்தேகம் வந்தால் எட்டாம் கிளைக்குத்தான் போன் போடுவார்கள். "அக்கா, பழைய தொகுதியெல்லாம் பிஞ்சுபோச்சு. படிவத்துல எப்படி எழுதறது?" "நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ. புள்ளி வைக்க மறந்துடாதே." கட்டம் கட்டமாக நாலு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது அவர்தான். தன்னுடைய பதினாலு தொகுதிகளை மட்டும் கழிக்க மனம் வராமல், நாடா போட்டுக் கட்டி இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு முன்னால் கணக்கை முடிக்க வேண்டுமே என்று இப்போதுதான் கழித்து எழுதினார். எட்டாம் கிளை இன்றுவரை நின்றது அதனால்தான்.

நாலு கட்டடம்! ஆறு வருஷமாக எந்தப் பாவியை ஏசிக்கொண்டிருந்தாரோ அந்தப் பாவி தான்தான். "இதுவும் புஸ்தகத்துக்கு எழுதினதுதாங்க. வேற யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பத்தான் நமக்கே தெரியுது. விடுங்கம்மா. எழுதிக் குடுத்தா இடிச்சது எழுந்து நிக்குமா?"

மூன்று மணிக்கு அக்கா திரும்பி வந்தபோது கூடத்தில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். ஆணையைப் பார்த்ததும் கைதட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார். அக்கா யாரையும் அடக்கவில்லை. தையல்காரர் எழுந்து கிட்டே வந்தார்.

"நீ மட்டும் எங்க அஞ்சாம் கிளையில இருந்திருந்தா, அதுவும் தப்பிச்சிருக்கும்மா" என்றார்.

எதை வேண்டுமானாலும் தாங்கியிருப்பார், அந்த வார்த்தையைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"அது என்னாலதான் போச்சு."

"என்னது?" தையல்காரர் காதைச் சாய்த்தார்.

"அஞ்சாம் கிளை என்னாலதான் போச்சு!"

அந்தக் கூடத்தில் அவர் கத்தியது அதுவே முதல் தடவை. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தொகுதி, கட்டு, புள்ளி, போன் என்று எல்லாவற்றையும் கத்திக் கத்தியே சொல்லி முடித்தார்.

தையல்காரர் இன்னும் கிட்டே வந்தார். "அப்ப எங்க கட்டடம் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"மெஷின் வெச்சு இடிக்கவே ஒம்பது நாளாச்சு. தினம் போய் நின்னு பாத்தேன். தானா விழுந்துடும்னு சொன்னாங்க. சரி, யாரு தலையிலயாவது விழறதுக்கு முன்னாடி போனது நல்லதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இதை என்கிட்ட ஏம்மா சொன்னே?"

தையல்காரர் தன் நாற்காலிக்குத் திரும்பிப்போய், காலையில் பாதியில் வைத்த பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நூலகம் மூடும் நேரம் வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.