பின்னால் நின்று பாடியவள்

கள்ளக்குறிச்சியில் காது கேட்கிற எல்லாருக்கும் நான்சியைத் தெரியும். முகத்தைக் கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. ஆடித் தள்ளுபடி என்று ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறதே, அந்தக் குரல் அவளுடையது. கண் சிகிச்சை முகாம், கும்பாபிஷேகம், மாதா கோயில் தேர்த் திருவிழா, எல்லாவற்றுக்கும் அவள்தான். பதிவு செய்வது என் ஸ்டுடியோவில். ஸ்டுடியோ என்று பெருமைக்குச் சொல்கிறேன். நாலு சுவரிலும் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை.

"ஒரு தடவ உன் பேரையும் சேத்துச் சொல்லேம்மா" என்று சீண்டுவேன்.

"என் பேரக் கேட்டுட்டா பொடவ வாங்கப் போறாங்க? சும்மா இருண்ணா" என்பாள். மனதில் ஒரு குறையும் வைத்துக்கொண்டு சொல்வதில்லை. பேசுவாள், காசை வாங்கிப் பையில் போடுவாள், வாசலில் கொய்யாக்காய் வாங்கிக் கடித்துக்கொண்டே பஸ் ஏறுவாள்.

ஆனால் அடுத்தவர் பெயர் விட்டுப்போனால் அவளுக்குப் பொறுக்காது. அந்த வினையை ஆரம்பித்து வைத்தவன் நான்தான். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னணி இசை தேடியபோது பழைய அமெரிக்க ஜாஸ் பேண்டு பாட்டு ஒன்று வந்து விழுந்தது. இருபது பேர் ஊதுகிற ஊதலுக்கு நடுவே ஒரு பெண் குரல். நான்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருண்ணா பாடறது?"

பார்த்தேன். பேண்டின் தலைவர் பெயர் இருந்தது, டிரம்பெட் ஊதியவர் பெயர்கூட இருந்தது. பாடியவள் பெயர் இல்லை. அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் அது சகஜமாம்.

"ஊதனவன் பேரு இருக்குது, பாடனவ பேரு இல்லியா? இன்னாண்ணா அநியாயம் இது!"

நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவள் விடவில்லை. இப்படிப் பெயர் விட்டுப்போன பாடகர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. பிளஸ் டூ இங்கிலீஷையும் போனில் உள்ள மொழிபெயர்ப்பையும் நம்பி அதில் போய்ச் சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் ரெக்ஸ் உளுந்தூர்பேட்டையில் லாரி மெக்கானிக். "வூட்ல அமெரிக்காக்காரிங்க தொல்ல தாங்கல சார். சாம்பார் கொதிக்கறப்பகூடப் பாடிக்கினே இருக்காளுங்க" என்று என்னிடம் வந்து அழுவார். அழுதாலும் அவளுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

மற்றவர்கள் குரலின் சாயலை ஒப்பிடுவார்கள். நான்சி மூச்சைக் கேட்பாள். அதுவும் எங்கள் தொழில் கொடுத்த புத்தி. விளம்பரத்தில் அவள் மூச்சு வாங்குகிற இடத்தையெல்லாம் நான் வெட்டி எறிவேன்; தினமும் அதற்காக என்னிடம் திட்டும் வாங்குவாள். அந்தக் கால ரெக்கார்டுகளில் மூச்சை யாரும் வெட்டவில்லை. "வயசானா கொரலு மாறும்ணா. மூச்சு இழுக்கற பழக்கம் மாறவே மாறாது" என்பாள்.

போன வருஷம் அந்தக் குழுவில் டோரத்தி என்ற எண்பது வயது அம்மா எழுதினார். அவருடைய தாயார் லில்லியன் கல்யாணத்துக்கு முன் ஒரு பேண்டில் பாடியவராம். வீட்டில் ஒரு ரெக்கார்டு இருக்கிறது, அதில் பெயர் இல்லை. அம்மா சொன்னது வெறும் புளுகு என்று டோரத்தியின் தம்பி வாழ்நாள் முழுக்கக் கேலி செய்துகொண்டிருக்கிறார். தாயார் எப்போதோ பிறந்தநாள் விழாவில் பாடிய டேப்பையும் ரெக்கார்டையும் ஆடியோவாக மாற்றி அனுப்பி, 'என் அம்மா சொன்னது நிஜமா? நான் போவதற்குள் தெரிய வேண்டும்' என்று கேட்டிருந்தார்.

நான்சி கேட்டாள். ரெக்கார்டில் பாடுவது வேறு ஆள். குழுவில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். நயமாகத்தான் எழுதினாள். ஆனால் டோரத்தியிடமிருந்து 'நன்றி' என்ற ஒற்றைச் சொல் வந்ததோடு சரி.

அதன் பிறகு நான்சி நான்சியாக இல்லை. கோடை விழாவுக்குக் குழாய் கட்ட, மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். மலையில் வாங்கிக் கொடுத்த பலாச்சுளையும் தட்டிலேயே கிடந்தது.

"ஒரு வயசான பொம்பள வயித்தெரிச்சலக் கொட்டிக்கினேண்ணா."

"உண்மையத்தானே சொன்ன?"

"அவங்க அம்மாவ நானே புளுகுணின்னு ஆக்கிட்டேன்." பலாச்சுளைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த லில்லியன் அம்மா சரியா இன்னா சொன்னாங்கன்னு நாம யாருமே கேக்கலியே" என்றாள்.

மலை இறங்கி சிக்னல் வந்ததும் எழுதிக் கேட்டாள். மறுநாள் பதில் வந்தது. 'அந்த ரெக்கார்டில் நான் இருக்கிறேன் என்பார் அம்மா. அவ்வளவுதான்.'

நான்சி நேராக ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தாள். "முன்னால பாடறவள அமுக்குண்ணா. பின்னால யாரு இருக்கான்னு பாப்போம்."

என்னால் முடிந்த மட்டும் தணித்தேன். அந்தக் குரலுக்கு அடியில் மூன்று பெண்கள் வெறும் ஹம்மிங் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் தேடுகிற எங்களுக்கு அந்த மூவர் ஞாபகமே வரவில்லை. கடைசி அடிக்கு முன் இரண்டு பேர் சேர்ந்து மூச்சிழுக்கிறார்கள். மூன்றாமவள் அதற்குச் சற்று முன்னாலேயே, மூக்கால் விசுக்கென்று இழுக்கிறாள். நான்சி பிறந்தநாள் டேப்பைப் போட்டாள். அதே விசுக். அடுத்த அடியிலும் அதே விசுக்.

உடனே டோரத்திக்கு எழுது என்றேன். அவளோ அவசரப்படவில்லை. இரண்டு துண்டுகளையும் வெட்டி, யார் எவர் என்று சொல்லாமல் குழுவில் நாலு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினாள். நாலு பேரும் ஒரே ஆள் என்றார்கள். அதற்குப் பிறகுதான் டோரத்திக்கு எழுதினாள்.

பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் அவள் பேசிய கண் முகாம் விளம்பரத்தைக் கேட்டிருந்தால் கண் நன்றாக உள்ளவர்களே பயந்திருப்பார்கள். அப்படி ஒரு குரல்.

பதிலை என்னிடம்தான் முதலில் படித்துக் காட்டினாள். டோரத்தி தன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் முதலில் டேப்பையும் பிறகு ரெக்கார்டுத் துண்டையும் போட்டிருக்கிறார். தம்பி சாப்பிடுவதை நிறுத்தினாராம். திரும்பப் போடச் சொன்னாராம். அதன் பிறகும் ஒரு தடவை.

"அப்பறம் அந்தத் தம்பி இன்னா சொன்னாராம்?" என்றேன்.

நான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா எந்தப் பக்கம் நின்னு பாடறாங்க, இடது பக்கமா வலது பக்கமான்னு மட்டும் கேட்டாராம்."